கதவுக்குள் அடங்காத கப்பல்

அன்று சிதம்பரத்தில் அந்தக் கப்பலைச் சுற்றி நின்றவர்கள் இவர்கள். எங்கள் தலைமை ஆசிரியை. அவரைப் பள்ளியில் எல்லோரும் பெரிய டீச்சர் என்போம். சமூக அறிவியல் நடத்திய சரவணன் சார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்களில் கேப்டன் நந்தினி மட்டும் கொஞ்சம் தள்ளி. அவள் அப்பா வேலாயுதம், தோளில் கயிற்றோடு. கப்பலை ஏற்றி வந்த குட்டியானை வண்டியின் டிரைவர். கண்காட்சி நடத்தியவர்களில் ஒரு பெரியவர், கையில் சந்தனக் கிண்ணத்தோடு. பிறகு நான். நான் அந்தப் பள்ளியில் பியூன்.

ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. என் இடத்துக்கு வந்த முருகன் போன மாதம் போன் செய்தான்.

"அண்ணே, ஸ்டோர் ரூம்ல பெருசா ஒரு அட்டை கெடக்குது. மூக்கு மாதிரி இருக்குது. எடைக்குப் போட்டுடவா?"

"அது கப்பலோட முகப்பு. போடாத."

"கப்பலா? நம்ம ஸ்கூல்லயா?"

இப்போது வகுப்பில் டிவி மாதிரி பெரிய போர்டு வைத்துவிட்டார்களாம். கடல் பயணப் பாடம் அதிலேயே ஓடுகிறதாம். பாட்டுக் கேட்பது போலப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறார்களாம். முருகனிடம் கப்பல் கதையைச் சொன்னேன். ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்றான். நான் எட்டாவது படித்தவன். எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் டீச்சர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

எனக்கு ஊர் வடலூர் பக்கம். முந்திரியும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையும் போடுகிற குடும்பம். கடலுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை. கடலூரில் வேலை கிடைத்தது, வந்தேன். முதலில் தண்ணீர் தூக்கினேன். பிறகு மணி, சாவிக்கொத்து, தபால். எல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை.

பெரிய டீச்சர் வந்த பிறகுதான் எனக்கு வேலை என்றால் என்ன என்று தெரிந்தது. அவர் சத்தம் போட மாட்டார். உத்தரவும் போட மாட்டார். கேள்வி கேட்பார். கேட்டைப் பூட்டு என்று சொல்ல மாட்டார். "கேட்டு என்னா தெறந்து கெடக்குது?" என்பார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். துடைத்து முடித்து மாட்டுவதற்குள் எதிரில் நிற்பவர் தப்பை ஒத்துக்கொண்டிருப்பார். வராத பிள்ளைக்கு வந்ததாகக் குறிக்கச் சொல்லி மேலிருந்து ஒருமுறை ஆள் வந்தார். அவரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, "வராத புள்ள எந்த பெஞ்சில ஒக்காரும் சார்?" என்று கேட்டு அனுப்பினார். அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

அவருக்கு எண்ணிக்கை முக்கியம். அதற்குக் காரணம் உண்டு. ஒரு வருடம் பிச்சாவரம் கூட்டிப்போனோம். தோணி சவாரி முடிந்து பிள்ளைகள் கரை ஏறியபோது, கூட வந்த ஆசிரியர் ஒருவர் பேப்பரைப் பார்த்து எல்லாரும் வந்தாச்சு என்றார். பஸ் ஏறும் நேரத்தில் ஒரு பையனைக் காணோம். தோணிக்காரர்கள் திரும்பவும் சுரபுன்னைக் காட்டுக்குள் போனார்கள். பெரிய டீச்சர் கரையில் உட்கார்ந்துவிட்டார். பையன் தோணியிலேயே ஏறவில்லை. பஸ்ஸில், பைகளுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு பேப்பரைப் பார்த்து எண்ணக்கூடாது என்று ஆனது. நான் வாசலில் நிற்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் என்னைத் தாண்டும்போது தலையைத் தொட்டு எண்ண வேண்டும். கடைசிப் பிள்ளையின் தலையில் இரண்டு தட்டு. பெரிய டீச்சர், "இராமலிங்கம், எத்தினி?" என்பார். நான் சொல்வேன். சொன்ன பிறகுதான் வண்டி நகரும். மைதானத்துக்குப் போனாலும் இதுதான், மாத்திரை கொடுக்க வரிசை நின்றாலும் இதுதான்.

சரவணன் சார் சின்ன வயசு. அண்ணாமலை நகரில் வீடு. தினமும் ரயிலில் வருவார். ஏழாம் வகுப்புக்குப் பழைய காலத்துக் கடல் பயணம் பற்றிப் பாடம் எடுத்தார். ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கோழிக்கோட்டுக்கு வந்தவர், உலகத்தையே சுற்றப் புறப்பட்டு வழியில் செத்தவர், அவர்களுக்கெல்லாம் முன்னால் நம் கரையிலிருந்து கிழக்கே போனவர்கள். வெள்ளைக்காரர்களின் பேரெல்லாம் பிள்ளைகள் சடசடவென்று சொல்லும். என் வாயில் வராது.

முதல் நாளே ஒரு பையன் கேட்டான். "சார், அவுங்க வர்றதுக்கு முன்னாடியே நாம இங்கதான இருந்தோம்? அப்புறம் என்னாத்த கண்டுபுடிச்சாங்க?"

"வழிய கண்டுபுடிச்சாங்கடா."

"எங்க மாமா கூடத்தான் சார் புதுசா வழி கண்டுபுடிப்பாரு. ஊட்டுக்கு வரவே மாட்டாரு."

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். படித்துக் காட்டினால் போதாது, கப்பல் கட்டுவோம் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தார்.

வகுப்பில் பாதி இடத்தைக் கப்பல் பிடித்தது. சட்டத்துக்குச் சவுக்குக் கம்பு. செம்மண்டலத்துக் கடைகளில் ஃபிரிட்ஜ், வாஷிங் மிஷின் வந்த அட்டைப் பெட்டிகளை நானும் பிள்ளைகளும் போய் வாங்கிவந்தோம். பாய்மரத்துக்குப் பழைய வேட்டி. பழுப்புப் பெயிண்ட் அடித்தோம். தள்ளி நின்று பார்த்தால் மரம் போலவே இருந்தது.

தினமும் கடைசிப் பீரியட் கப்பல் நேரம். வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. ஒருத்தன் சமையல், ஒருத்தி தச்சு, ஒருத்தன் மணல் கடிகாரம். இரண்டு தண்ணீர் பாட்டிலை வாய்க்கு வாய் ஒட்டி உள்ளே சலித்த மணல். மணல் இறங்கி முடிந்ததும் அவன் கத்த வேண்டும், பாட்டிலைத் திருப்ப வேண்டும். வேகம் பார்க்க, முடிச்சுப் போட்ட கயிறு. ஒருவன் கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஓடுவான். கப்பலில் இருப்பவள் கையில் கயிறு நழுவும். மணல் முடிவதற்குள் எத்தனை முடிச்சு போயிற்று என்று சொல்ல வேண்டும். நட்சத்திரம் பார்க்க, கோணமானியில் நூல் கட்டி நூலில் ஒரு கல். பகலில் ஏது நட்சத்திரம். தென்னை மர உச்சியைத்தான் பார்ப்பார்கள். சாப்பாடு ஆளுக்கு ஒரு பிடி பொரி, அரை டம்ளர் தண்ணீர். எலுமிச்சம்பழத் துண்டு கிடைக்காதவர்களுக்கு ஈறில் நோய் வந்ததாகக் கணக்கு. அவர்கள் படுத்துவிட வேண்டும். படுப்பதற்குத்தான் போட்டி ஜாஸ்தி.

கேப்டன் யார் என்பதற்கு ஒரு பரீட்சை. படத்தைப் பார்க்காமல் வழி முழுக்கச் சொல்ல வேண்டும், எங்கே நிற்க வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். நந்தினி சொன்னாள். கடலோரக் குப்பத்துப் பிள்ளை. கையை நீட்டி, இந்த மாதம் வாடைக் காற்று அடிக்கும், இங்கே நிற்கணும், கொண்டல் காற்று எடுத்ததும் கிளம்பணும் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். பிரவீன் இரண்டாவதாக வந்தான். அவன் நெல்லு போடுகிற வீட்டுப் பையன். அவனுக்கு அது பொறுக்கவில்லை.

கேப்டன் ஆன பிறகு அவள் நடையே மாறிவிட்டது. மணி அடிக்கும் முன்பே கப்பலில் ஏறி முகப்பில் நிற்பாள். என்னைப் பார்த்து, "மாமா, மணிய சீக்கிரம் அடிங்க, காத்து போயிடும்" என்பாள்.

சிதம்பரத்தில் பள்ளிகளுக்குள் கண்காட்சி வைப்பதாகத் தகவல் வந்தது. எங்கள் கப்பலைச் சேர்த்துக்கொண்டார்கள். கேப்டன் மேலே நின்று வழி முழுக்கச் சொல்வது என்று ஏற்பாடு. நந்தினி அதுவரை சிதம்பரம் போனதில்லை.

நடுவில் ஆயுத பூஜை. பள்ளியில் அது வருஷா வருஷம் நடக்கிற முறை. முதல் நாள் மாலையில் மணி, பீரோ, தண்ணீர் மோட்டார், என் சைக்கிள், பழைய டைப் மிஷின் எல்லாம் துடைத்து வைப்பேன். மறுநாளிலிருந்து லீவு என்பதால் அன்றே பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, வாசலில் பூசணிக்காய் உடைப்பேன். பிள்ளைகளுக்குப் பொரி கடலை. அந்த வருடமும் அப்படித்தான். எல்லாம் முடிந்து பெரிய டீச்சர் வகுப்புகளைச் சுற்றி வந்தார். கப்பலைப் பார்த்தார்.

"பாவம், இது மட்டும் என்னா பண்ணுச்சு?" என்றார்.

என் கையில் இருந்த சந்தனத்தைத் தொட்டு அவரே முகப்பில் வைத்தார். மேலே குங்குமம். நான் கற்பூரம் காட்டினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். பார்க்க நன்றாக இருந்தது.

லீவு முடிந்து வந்த அன்று கப்பல் நேரத்தில் நந்தினி வகுப்புக்குள் வந்தாள். கப்பல் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"என்னா கேப்டன், ஏறு" என்றார் சார்.

"வேணாம் சார்."

"என்னா ஆச்சு?"

"பொட்டு வச்சிட்டீங்க."

சாருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான்.

"எங்க ஊர்ல படகுல பொம்பளைங்க கால் வைக்க மாட்டோம் சார்."

"இத்தினி நாளா ஏறுனியே?"

"அப்ப அது அட்டை."

பிரவீன் பக்கத்துப் பையனை இடித்தான். "டேய் மச்சான், கேப்டன் ஃபிரிட்ஜ் பொட்டிக்குப் பயப்படுதுடா."

"உள்ள பேய் இருக்குதாம்டா. ஐஸ் பேய்."

எல்லோரும் சிரித்தார்கள். நந்தினி அழவில்லை. சாரை மட்டும் பார்த்துச் சொன்னாள். "எங்கப்பா இப்ப கடல்ல இருக்காரு சார். நான் ஏறி அவருக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா?"

அன்று கப்பலில் இருபத்தேழு.

சார் ஆபீஸ் ரூமுக்கு வந்தார். நான் பீரோவில் சாக்பீஸ் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"மூட நம்பிக்கை மேடம். நாளைக்கு நான் கிளாஸ்ல நல்லா வெளக்கிச் சொல்லிடறேன். அவ ஏறிடுவா."

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "அவ அப்பா எதுல வேலைக்குப் போறாரு சார்?"

"படகுல மேடம்."

"நீங்க?"

"ரயில்ல."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். சார் வகுப்பில் விளக்கவில்லை. பிரவீனைக் கேப்டன் ஆக்கினார்கள். நந்தினி கீழே நின்று அவனுக்கு வழி சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. சொல்லிக் கொடுத்தாள். அவன் பாதி வழியில் மறந்து போவான். "நீயே வந்து சொல்லேன், ஓ, ஒனக்கு பயம்ல" என்பான். ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு பள்ளிக்கு வரவில்லை.

மூன்று நாள் வராத பிள்ளையை வீட்டில் போய்ப் பார்ப்பதும் என் வேலை. சைக்கிளில் போனேன். மீன் விற்றுவிட்டு அப்போதுதான் அவள் அம்மா வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒக்காருங்கண்ணே. மீன் வாடை அடிக்குதா? மூஞ்சியே சொல்லுதே. நீங்க வடலூர்க்காரரு, சைவம்."

"இல்லம்மா, பரவால்ல. புள்ள ஏன் வர்ல?"

"அதையே கேளுங்க. கண்ணாடி முன்னாடி நின்னு ராவும் பகலும் வழி சொல்லுது. ஆப்பிரிக்கா போறாளாம், கோழிக்கோடு போறாளாம். ஸ்கூலுக்கு மட்டும் போவ மாட்டாளாம்."

நந்தினி உள்ளேயிருந்து வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் சிதம்பரத்துக்கு வர்ல மாமா. கீழ நின்னுகிட்டு பாக்கறதுக்கு எதுக்கு வரணும்?"

"ஏறக் கூடாதுன்னு ஒங்க அப்பா சொன்னாரா?"

"அவருகிட்ட கேக்கவே இல்ல. கேட்டா ஏறிக்கன்னு சொல்லிட்டாருன்னா? அப்புறம் அவரு கடலுக்குப் போவும்போதெல்லாம் நான் பயந்துகிட்டு கெடக்கணும்."

டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்து பெரிய டீச்சரிடம் அப்படியே சொன்னேன். "பொட்டு வச்சது நாந்தான?" என்றார் அவர்.

கண்காட்சிக்கு நாள் நெருங்கியது. வண்டிக்குச் சொல்வதற்காக நான் கப்பலை அளந்தேன். பிறகு கதவை அளந்தேன். பிறகு சாரைக் கூப்பிட்டேன். கண்காட்சியில் எங்களுக்குக் கொடுத்த இடத்தின் அளவை அவர் சரியாக விசாரித்து வைத்திருந்தார். வகுப்புக் கதவை யாரும் அளக்கவில்லை. ஜன்னலில் கம்பி. கப்பல் நீளத்திலும் போகாது, அகலத்திலும் போகாது, சாய்த்தாலும் போகாது. சார் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பெரிய டீச்சர் வந்து கதவைப் பார்த்தார். கப்பலைப் பார்த்தார்.

"கதவ பேக்கறதா, கப்பல அறுக்கறதா?"

"அறுக்கலாம் மேடம். திரும்ப ஒட்டினா நிக்கணுமே" என்றேன்.

"படகு வேலை தெரிஞ்ச ஆளு யாரு இருக்கா நமக்கு?"

யாரைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. மறுபடியும் குப்பத்துக்குப் போனேன்.

வேலாயுதம் மறுநாள் மதியம் வந்தார். நந்தினியும் கூட வந்தாள், ஆனால் வராந்தாவிலேயே நின்றுகொண்டாள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். கப்பலை ஒரு சுற்று சுற்றி வந்தார். சவுக்குக் கம்பைத் தட்டிப் பார்த்தார்.

"நல்லா கட்டியிருக்கீங்க. மெதக்காது, அவ்வளவுதான்."

"மெதக்க வேணாங்க, நின்னா போதும்" என்றார் சார்.

முகப்பில் இருந்த பொட்டைப் பார்த்தார். வீட்டில் அதற்குள் எல்லாம் பேசியிருக்க வேண்டும். தோளில் இருந்த துண்டை எடுத்து, தண்ணீர் கேட்டு வாங்கி நனைத்து, சந்தனத்தையும் குங்குமத்தையும் சுத்தமாகத் துடைத்தார். பிறகு கும்பிட்டார். பிறகுதான் ரம்பத்தை எடுத்தார். கம்புகள் சேரும் இடம் பார்த்து, மூன்று துண்டாக அறுத்தார். அறுத்த இடத்தில் கயிறு கோக்க ஓட்டை போட்டார். ஒரு மணி நேரம் நான் பிடித்துக்கொண்டேன். சாதாரணமாகப் பேசுவது போலத்தான் என்னிடம் சொன்னார்.

"கழிச்ச படகுன்னா இப்டித்தான். அறுத்துட்டா அப்புறம் அது வெறும் மரம். அடுப்புக்கு ஊட்டுப் பொம்பளைங்கதான் தூக்கிட்டுப் போவாங்க."

ஜன்னல் கம்பிக்கு வெளியே நந்தினி நின்றிருந்தாள். "திரும்பக் கட்டுனாப்பா?"

"கட்டுனா கட்டுனதுதான். பூஜ போட்டாத்தான் படகு."

"போடலன்னா?"

"போடலன்னா அட்டை."

பெரிய டீச்சர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "போட மாட்டோம்" என்றார். அவர் கேள்வியாக இல்லாமல் பேசியது எனக்குப் புதிதாக இருந்தது.

துண்டுகளைப் பிள்ளைகள் தூக்கி வெளியே வைத்தார்கள். முகப்புத் துண்டை நாலு பேர் தூக்கினார்கள். நந்தினி வந்து ஐந்தாவதாகக் கை கொடுத்தாள். பிரவீன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "வழிய மனப்பாடம் பண்ணிட்டியா?" என்று அவள் கேட்டாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

சிதம்பரத்துக்குப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்தார்கள். நானும் வேலாயுதமும் குட்டியானையில் கப்பலோடு போனோம். ஆலப்பாக்கம் தாண்டியதும் தூறல். தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம்.

டிரைவர் கேட்டான். "என்னா மாமா, கப்பல் மழைக்குப் பயப்படுது?"

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார் வேலாயுதம்.

அவர் அன்று கடலுக்குப் போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஒரு பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பரிசு எங்களுக்குக் கிடைக்கவில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். காற்றாலை செய்தவர்களுக்குக் கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் கப்பலின் மற்றத் துண்டுகளை எடைக்குப் போட்டோம். முகப்பை மட்டும் ஸ்டோரில் வைக்கச் சொன்னது பெரிய டீச்சர்.

வேலாயுதம் கயிறு கோத்து மூன்று துண்டையும் இழுத்துச் சேர்த்தார். கடைசி முடிச்சுப் பாக்கி இருக்கும்போதுதான் அந்தப் பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் சந்தனக் கிண்ணம், பின்னால் ஒரு ஆள் கற்பூரத் தட்டோடு.

"அடடா, கப்பலா? பிரமாதம். எல்லா ஸ்டாலுக்கும் வச்சாச்சு, ஒங்களுதுதான் பாக்கி. ஆபீசர் வர்றதுக்குள்ள ஒரு பொட்டு வச்சிடுவோம்."

விரலில் சந்தனத்தைத் தொட்டுவிட்டார். கயிற்றைப் பிடித்திருந்த வேலாயுதத்தின் கை நின்றது. நந்தினி ஓரடி பின்னால் போனாள். சார் என்னைப் பார்த்தார், நான் பெரிய டீச்சரைப் பார்த்தேன்.

பெரிய டீச்சர் முன்னால் வந்து முகப்பில் தன் உள்ளங்கையை வைத்தார். பொட்டு வைத்திருந்த அதே இடம்.

"பெயிண்ட் காயலிங்க. கையில ஒட்டிக்கும்."

பெயிண்ட் அடித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பெரியவர் அவர் கையைப் பார்த்தார். "ஒங்க கையில ஒட்டலியேம்மா?"

"ஒட்டும்" என்றார். கையை எடுக்கவில்லை.

விரலில் இருந்த சந்தனத்தைத் தன் நெற்றியில் தடவிக்கொண்டார். "சரிம்மா, ஒங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் காற்றாலைப் பக்கம் போனார்.

வேலாயுதம் கடைசி முடிச்சைப் போட்டார். இழுத்துப் பார்த்தார். மகளைப் பார்க்காமலே சொன்னார். "கட்டு நல்லா நிக்குது. ஏறிப் பாரு."

நந்தினி செருப்பைக் கழற்றப் போனாள்.

"அட்டைக்கு எதுக்கு?" என்றார்.

செருப்போடு ஏறினாள். முகப்பில் போய் நின்றாள். பிரவீன் கீழே இருந்து, "எனக்குப் பாதிக்கு மேல தெரியாது, நீயே சொல்லிக்க" என்றான். அவள் திரும்பி, "என்னா பாத்துகிட்டு நிக்கிறீங்க, ஏறுங்க, காத்து போயிடும்" என்று கத்தினாள்.

பிள்ளைகள் ஏறினார்கள். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தலையாகத் தொட்டேன். பிரவீன் கடைசி. அவன் தலையில் இரண்டு தட்டு.

"இராமலிங்கம், எத்தினி?"

"இருபத்தெட்டு."